கண்ணாடி வீட்டில் இருக்கிறது

2025 நவம்பர் 8, சனிக்கிழமை காலை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் வாராவாரம் நாங்கள் மூன்று பேர் மேஜை போட்டு உட்காருவோம். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், மின்கட்டணத் தகராறு, வாடகைச் சண்டை என்று எது வந்தாலும் தெரிந்தவரை பார்ப்போம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், வக்கீல் இல்லை. அன்று வந்த அக்காவுக்கு 58 வயது. கைபேசியில் நான்கு படங்களைக் காட்டினார். ஒரு வேலை ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்கள்.

“திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். ‘கண்ணாடி வீட்ல இருக்கு, மருமக படிச்சுச் சொல்லட்டும்’னு மொதலாளிகிட்ட சொல்லிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு வந்துட்டேன்” என்றார். பிறகு கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அக்கா பேசுவது முக்கால்வாசி டர்பன் ஆங்கிலம், மீதி அவருடைய ஆயா வீட்டுத் தமிழ். இங்கே அவர் வாயில் நான் வைத்திருக்கும் தமிழ் என்னுடையது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கடையின் பேரும் தெருவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் மேஜை இந்த விவகாரத்தில் இரண்டு தவறு செய்தது. அவற்றையும் மறைக்காமல் எழுதச் சொன்னார். சரி.

கடையும் உறையும்

மசாலாக் கடை. மிளகாய்த்தூள், மல்லி, வறுத்து அரைத்த கறித்தூள், பருப்பு வகை, சாம்பிராணி, சூடம், காவடிக்கு வேண்டிய சாமான் என்று எல்லாம் கிடைக்கும். அக்கா 2016 பிப்ரவரியில் சேர்ந்தார். அதற்கு முன் ஒரு தையல் ஆலையில் இருந்தார், ஆலையை மூடிவிட்டார்கள். அப்போது கடையை நடத்தியவர் பெரியவர். அக்காவைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். 2023-ல் பெரியவர் வீட்டோடு இருந்துவிட, மகன் பொறுப்பெடுத்தார். மகன் கூப்பிடுவது ஆன்ட்டி என்று. அக்கா இரண்டு பேரையும் ‘லானி’ என்றுதான் குறிப்பிடுவார். இந்த ஊர் இந்தியர்களின் பேச்சில் முதலாளிக்கு அதுதான் பேர்.

வேலை நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை எட்டிலிருந்து ஐந்து, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. சனிக்கிழமை எட்டிலிருந்து ஒன்று. ஆக வாரம் 45 மணி நேரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழுப்பு உறையில் 1,100 ராண்ட் ரொக்கம். உறையின் மேல் பென்சிலால் அவர் பேரின் முதல் எழுத்தும் தொகையும் இருக்கும். வேலைக் கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. வேலையில்லாக் காலக் காப்பு நிதியான யூஐஎஃப்புக்குப் பிடித்தமும் கிடையாது. ஒன்பதே முக்கால் வருடம் இப்படித்தான் ஓடியது.

அக்கா ஏன் கேட்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தச் சமூகத்துக்குள் வாழ்ந்ததில்லை. ஒருமுறை, பெரியவர் காலத்திலேயே, கேட்டிருக்கிறார். “நமக்குள்ள எதுக்குத் தங்கச்சி பேப்பர்?” என்று பதில் வந்தது. அந்த வார்த்தைக்கு மேல் என்ன பேச முடியும்? பேப்பர் கேட்டால் உறவைச் சந்தேகப்பட்டதாகிவிடும். பெரியவர் கோயில் கமிட்டியில் இருந்தவர். அக்காவின் கணவர் இறந்தபோது சடங்குச் செலவில் பாதியை ஏற்றவர். அந்த நன்றி பொய்யில்லை. ஆனால் 1,100 ராண்ட் உறையும் பொய்யில்லை.

அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு காகிதம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பதிவு நகல். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பேர், வயது, ஊர், ஜில்லா, உடம்பில் இருந்த தழும்பு வரைக்கும் எழுதி வைத்தார்கள். தோட்டத்தை விட்டு அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போனால் ஜெயில். அன்றைக்குக் காகிதம் முதலாளிக்குத் தேவைப்பட்டது, அதனால் கச்சிதமாக இருந்தது. நான் இதைச் சொன்னபோது அக்கா, “அவருக்கு நம்பர் இருந்துச்சு, எனக்கு அதுவும் இல்ல” என்று சிரித்தார்.

தாமதமாக வந்த காகிதம்

பேரனுக்காகத்தான் கடைசியில் கேட்டார். பையன் 2026-ல் பல்கலைக்கழகம் போக அரசு மாணவர் நிதிக்கு விண்ணப்பிக்கிறான், பாட்டிதான் காப்பாளர், வருமானத்துக்குச் சான்று வேண்டும். செப்டம்பர் கடைசியில் மகன் லானியிடம் சம்பளச் சீட்டு கேட்டார். “தீபாவளி ரஷ் முடியட்டும் ஆன்ட்டி” என்றார். தீபாவளி முடிந்தது. நவம்பர் முதல் வாரத்தில் அந்த நான்கு பக்கம் வந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் சீட்டு தருகிறேன் என்றார்.

இதில் எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. வருமானச் சான்றுக்கு அக்கா லானியிடம் போயிருக்கவே வேண்டாம். போலீஸ் நிலையத்தில் காசில்லாமல் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கினால் போதும். அதைத்தான் நவம்பர் 10 காலை செய்தோம், பத்து நிமிட வேலை. ஆனால் அதற்குள் லானி உஷாராகிவிட்டார்.

ஒப்பந்தத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆரம்பத் தேதி 2025 நவம்பர் 1. முடிவுத் தேதி 2026 ஜனவரி 31. அக்கா ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’, ஊழியர் அல்ல. வரியும் யூஐஎஃப்பும் அவர் பொறுப்பு. மூன்றாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், இந்தத் தேதிக்கு முந்தைய எந்தப் பாக்கியும் இரு தரப்புக்கும் இடையே இல்லை என்று ஒரு வரி. அதுதான் முள்.

காகிதமே இல்லாததைவிட இது மோசம். ஏன் என்று சொல்கிறேன். 1997-ன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம், 29-ம் பிரிவில், வேலை தொடங்கும்போதே முதலாளி விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்கிறது: இரு தரப்பின் பேர், வேலை, இடம், ஆரம்பத் தேதி, நேரம், கூலி, கூடுதல் நேரக் கூலி, பிடித்தங்கள், விடுப்பு, நோட்டீஸ் காலம். 33-ம் பிரிவு ஒவ்வொரு சம்பளத்தோடும் சீட்டு தரச் சொல்கிறது. இவற்றைத் தராதது முதலாளியின் தவறு. தராததால் வேலை இல்லாமல் போய்விடாது. பேச்சில் உண்டான வேலையும் வேலைதான்.

அதற்கு மேல், 1995-ன் தொழிலுறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு இன்னொரு உதவி செய்கிறது. ஏழு அடையாளங்களில் ஒன்றே ஒன்று இருந்தாலும், மறுத்து நிரூபிக்கப்படும்வரை அவர் ஊழியர் என்றே கொள்ளப்படும்: வேலை செய்யும் விதம் இன்னொருவர் கட்டுப்பாட்டில் இருப்பது, நேரமும் அப்படியே, நிறுவனத்தின் பகுதியாக இருப்பது, கடைசி மூன்று மாதத்தில் மாதம் சராசரி 40 மணி நேரமாவது உழைத்திருப்பது, பிழைப்புக்கு அவரையே நம்பியிருப்பது, கருவிகளை அவரே தருவது, அவர் ஒருவருக்கே வேலை செய்வது. ஒப்பந்தத் தாளில் என்ன பேர் போட்டிருந்தாலும் இது செல்லும். ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 ஏப்ரலிலிருந்து அது 2,61,748.45 ராண்டாக இருந்தது. அக்காவின் வருட வருமானம் 57,200. ஏழு அடையாளமும் பொருந்தின. கடைத் தராசு, கடை ஏப்ரன், கடைச் சாவி.

ஆக, ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ என்ற சொல்லுக்கு நான் பயப்படவில்லை. பயந்தது தேதிக்கும் ‘பாக்கி இல்லை’ வரிக்கும்தான். குறைந்த வருமானக்காரர்களைக் குறுகிய கால ஒப்பந்தத்திலிருந்து காக்க ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது மூன்று மாதத்தைத் தாண்டிய ஒப்பந்தங்களுக்குத்தான். பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் கடைக்கு அதுவும் இல்லை. இந்த ஒப்பந்தம் சரியாக மூன்று மாதம். கடையில் ஐந்து பேர். யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அப்போதே தோன்றியது. அக்கா தன் கையாலேயே ‘நான் நவம்பரில்தான் சேர்ந்தேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு மாற்றிச் சொல்ல வேண்டிய சுமை அவர் தலையில் விழும்.

எங்கள் கடிதம்

கையெழுத்துப் போட வேண்டாம் என்றோம். இதுவரை சரி. அதோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தோம். மரியாதையான கடிதம்தான்: ‘2016 பிப்ரவரியிலிருந்து வேலை செய்கிறேன்; அந்தத் தேதியோடு 29-ம் பிரிவின்படி விவரங்கள் தந்தால் சந்தோஷமாகக் கையெழுத்திடுவேன்.’ அக்கா அதைத் திங்கட்கிழமை கையில் கொடுத்தார், வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. உறையைக் கொடுக்கும்போது மகன் லானி, “திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் ஆன்ட்டி. டிசம்பர்ல ஆள் தேவைப்பட்டா கூப்பிடறேன்” என்றார்.

இது எங்கள் முதல் தவறு. கடிதத்தில் தவறில்லை. கடிதம் போவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம். வேலை போனால் வீட்டில் எத்தனை வாரத்துக்குக் காசு இருக்கிறது என்று கேட்கவில்லை. ஆதாரங்களைத் திரட்டவில்லை. வேலை போனால் அன்றே எங்களிடம் வரவேண்டும், புகார் அனுப்புவதற்கான 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்று சொல்லவில்லை. நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். அவர் திங்கட்கிழமை கல்லாவுக்குப் பின்னால் தனியாக நின்றார்.

அக்கா மூன்று வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. டிசம்பர் 6 அன்று வந்தவர் உட்காரவில்லை. “உங்க லெட்டராலதான் என் வேலை போச்சு.” மேஜையில் யாரும் பதில் பேசவில்லை. பேச என்ன இருந்தது? டிசம்பரில் கூப்பிடுவார் என்று காத்திருந்திருக்கிறார். “ஜனவரியில பேசலாம் ஆன்ட்டி” என்று வாட்ஸ்அப் வந்த பிறகுதான் புரிந்திருக்கிறது.

ஜனவரியில் பேசினால் கதை முடிந்தது. நியாயமற்ற பணிநீக்கத்தைச் சிசிஎம்ஏ எனப்படும் சமரச நடுவர் ஆணையத்துக்கு 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். சனி ஞாயிறு எல்லாம் சேர்ந்த கணக்கு. நவம்பர் 14-லிருந்து முப்பதாவது நாள் டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. அதனால் கடைசி நாள் 15, திங்கள். தாமதமானால் மன்னிப்பு விண்ணப்பம் போடலாம். அதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். ‘லானி கூப்பிடுவார் என்று நம்பினேன்’ என்பது எடுபடலாம், எடுபடாமலும் போகலாம். எங்களிடம் ஒன்பது நாள் இருந்தது.

பிஸ்கட் டின்

காகிதமில்லாத வேலை என்று சொல்கிறோமே தவிர, வேலை எங்கே போனாலும் காகிதத்தைச் சிந்திக்கொண்டே போகிறது. எழுத்தில் எதுவும் தராத முதலாளி தன்னைச் சுற்றிலும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார். அந்த ஒரு வாரம் நாங்கள் செய்தது இதைப் பொறுக்குவதுதான்.

முதலில், உறைகள். அக்கா பழுப்பு உறைகளைத் தூக்கிப் போடுவதில்லை. பேரனின் பஸ் காசு, கோயில் உண்டியல் காசு என்று பிரித்துப் போட வைத்துக்கொள்வார். ஒரு பிஸ்கட் டின்னில் 61 உறைகள் இருந்தன, எல்லாவற்றிலும் லானிகளின் கையெழுத்தில் எழுத்தும் தொகையும். சிலவற்றில் தேதியும்.

அடுத்தது அலாரம். கடையைக் காலையில் திறப்பவர் அக்கா. பாதுகாப்புக் கம்பெனியில் சாவி வைத்திருப்பவராக அவருடைய எண்ணைத்தான் பெரியவர் பதிந்திருந்தார். ராத்திரி எலி ஓடி அலாரம் அடித்தால் குறுஞ்செய்தி அவருக்கு வரும். அக்கா குறுஞ்செய்திகளை அழிக்கத் தெரியாதவர், பழைய கைபேசியையும் தூக்கிப் போடாதவர். 2017 வரைக்கும் போனது. ஊழியர் இல்லாத ஒருவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஏன் செய்தி வருகிறது?

வாட்ஸ்அப்பில் ‘நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க, மிளகாய் லாரி வருது’ மாதிரி நூற்றுக்கணக்கில். காவடி சீசனில் கடை முன்னால் எடுத்த படங்கள். ஒரு கிளினிக் சீட்டில் ‘வேலை செய்யும் இடம்’ என்ற கோட்டில் கடைப் பேர். மொத்த வியாபாரிகள் பொருள் இறக்கும்போது வாங்கும் கையெழுத்துச் சீட்டுகள் கடையில் கட்டுக்கட்டாக உண்டு, எல்லாம் அக்கா போட்ட கையெழுத்து. அவற்றில் சிலதை முன்னாள் சகா மூலம் எடுத்துவரச் சொல்லவா என்று கேட்டார். கூடாது என்றோம். கடைக் காகிதத்தைக் கடையிலிருந்து எடுத்தால் கதை திருட்டுக் கதையாகிவிடும். ஒரு வியாபாரி மட்டும் தன் பக்க நகலைப் படமெடுத்து அனுப்பினார்; மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். வாடிக்கைக் கடையைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்.

கூலிக் கணக்கை நான் போட்டேன். தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2024 மார்ச்சிலிருந்து மணிக்கு 27.58 ராண்ட், 2025 மார்ச்சிலிருந்து 28.79 ஆக இருந்தது. 45 மணி நேரத்துக்கு முதல் வருடம் வாரம் 1,241.10, அடுத்தது 1,295.55. கையில் வந்தது 1,100. ஆக முதல் 52 வாரத்தில் வாரம் 141.10 வீதம் 7,337.20 குறைவு, அதற்குப் பிந்தைய 36 வாரத்தில் 195.55 வீதம் 7,039.80. அதற்கும் முந்தைய வருடங்களை ஆதாரம் மெலிதாக இருந்ததால் விட்டுவிட்டோம். நான்கு வார நோட்டீஸ் கூலி 5,182.20. எடுக்காத மூன்று வார விடுப்புக்கு 3,886.65. கூட்டினால் 23,445.85. கணக்கைப் பார்த்து அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. கூலி குறைவு என்று தெரியும்; சட்டத்துக்கே குறைவு என்று அவருக்குத் தெரியாது.

யார் முதலாளி?

சிசிஎம்ஏவுக்குப் புகார் அனுப்பும் 7.11 படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலாளியின் பேர் என்ற கட்டம் இருக்கிறது. வேலைக் கடிதம் இருப்பவர்களுக்கு அது அரை நிமிட வேலை. நாங்கள் ஏப்ரனில் தைத்திருந்த பேரை, பின்னால் ‘சிசி’ என்ற எழுத்தோடு, அப்படியே எழுதி, டிசம்பர் 11 அன்று மின்னஞ்சலில் அனுப்பினோம். லானிக்கும் ஒரு நகல், அனுப்பியதற்குச் சான்றோடு.

மறுநாள் அவரிடமிருந்து ஒற்றை வரி பதில்: ‘அந்த நிறுவனம் இப்போது இயங்கவில்லை. ஆன்ட்டி என் கம்பெனியில் வேலை செய்ததே இல்லை.’

இது எங்கள் இரண்டாவது தவறு. சிசி, அதாவது குளோஸ் கார்ப்பரேஷன், பெரியவர் பதிந்திருந்த பழைய நிறுவன வடிவம். 2011 மே மாதத்துக்குப் பிறகு புதிதாக யாரும் அப்படிப் பதிய முடியாது. மகன் 2023-ல் தனியாக ஒரு கம்பெனி பதிந்து, அதே கடை, அதே சரக்கு, அதே பெயர்ப்பலகை, அதே ஆட்களோடு தொடர்ந்திருக்கிறார். விடை அக்காவின் சமையலறை இழுப்பறையில் இருந்தது. கடையில் அவரே காசு கொடுத்து வாங்கிய கறித்தூளின் ரசீது. வரி ரசீதில் விற்பவரின் பேரும் வாட் எண்ணும் போட்டே ஆக வேண்டும். மதர்-இன்-லா மசாலா அரைக் கிலோ, கீழே கம்பெனியின் முழுப் பேர்.

‘என் கம்பெனியில் வேலை செய்ததே இல்லை’ என்பதற்கும் சட்டத்தில் பதில் உண்டு. தொழில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே கைமாறினால், தொழிலுறவுச் சட்டத்தின் 197-ம் பிரிவின்படி ஊழியர்களும் அவர்களுடைய பழைய சேவைக் காலத்தோடு தானாகவே புதியவரிடம் போகிறார்கள். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. டிசம்பர் 15, திங்கள், மதியம் இரண்டு மணிக்கு இரண்டு பேரையும் எதிர்த் தரப்பாகப் போட்டுப் புதுப் படிவம் அனுப்பினோம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறொரு முடிவும் அந்த வாரம் எடுக்க வேண்டியிருந்தது. சட்டம் தந்த உரிமையைக் கேட்டதற்காகவே ஒருவரை நீக்கினால் அது ‘தானாகவே நியாயமற்ற’ பணிநீக்கம் என்று வாதிடலாம். இழப்பீடு 24 மாதக் கூலிவரை போகலாம். சாதாரண நியாயமற்ற நீக்கத்துக்கு உச்சம் 12 மாதம். ஆனால் முதல் வகை, சமரசம் முறிந்தால், பொதுவாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே காலம் பிடிக்கும், வக்கீல் வேண்டும். அக்காவிடம் இரண்டையும் விளக்கினோம். “எனக்கு ஈஸ்டருக்குள்ள முடியணும்” என்றார். சாதாரண வகையிலேயே போட்டோம். கூலிப் பாக்கியையும் சேர்த்தோம், 2019-லிருந்து அதையும் சிசிஎம்ஏவிலேயே கேட்கலாம். நானாக இருந்தால் ஒருவேளை இன்னொரு வழியில் போயிருப்பேன். வீட்டு வாடகை கட்ட வேண்டியது நானில்லை.

பெஞ்சில் இரண்டு பேர்

ஜனவரி 13 காலை டர்பனில் சமரச அமர்வு. சமரச அறைக்குள் என்னைப் போன்றவர்களுக்கு இடமில்லை. ஊழியர், அவருடைய தொழிற்சங்கம் இருந்தால் அதன் ஆள், முதலாளி தரப்பில் இயக்குநரோ ஊழியரோ, முதலாளிகள் சங்கப் பிரதிநிதியோ, அவ்வளவுதான். மகன் லானி ஒரு தொழிலாளர் ஆலோசகரைக் கூட்டி வந்திருந்தார். கமிஷனர் இரண்டே கேள்வி கேட்டு அவரையும் வெளியே அனுப்பினார். ஆகவே நடைபாதை பெஞ்சில் நானும் அவரும். அந்த நான்கு பக்கத்தை எழுதியவர் அவர்தானா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவர் ஒரு மின்ட் மிட்டாய் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை அக்கா சொல்லித்தான் தெரியும். பிஸ்கட் டின்னை மேஜையில் வைத்திருக்கிறார். லானி முதலில் 5,000 என்றாராம், “நல்லெண்ணத்துக்காக.” கமிஷனர் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நீக்கம் நடந்ததை மட்டும் ஊழியர் காட்டினால் போதும், அது நியாயமானது என்று காட்ட வேண்டியது முதலாளி என்பதைச் சொன்னபோது லானியின் முகம் மாறியதாம். 20,000 ஆனது. கடைசியில் 32,000 ராண்ட், மாதம் 8,000 வீதம் நான்கு தவணை.

ஒப்பந்த வரைவில் வழக்கமான ‘முழுமையான இறுதித் தீர்வு’ வாக்கியம் இருந்தது. அதைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று முந்தின சனிக்கிழமை மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தோம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்துவிட்டு, மூன்று வரி சேர்க்கச் சொன்னார்: 2016 பிப்ரவரி என்ற தேதியோடு வேலைச் சான்றிதழ், யூஐஎஃப்புக்கான யூஐ-19 படிவம் பழைய காலத்துக்கும் சேர்த்து, தவணை தவறினால் இந்த ஒப்பந்தத்தையே நடுவர் தீர்ப்பாக்கிக்கொள்ளச் சம்மதம். முதல் இரண்டும் சட்டப்படி எப்படியும் தர வேண்டியவை. எழுதி வாங்காவிட்டால் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

23,445 போக மீதிதான் நீக்கத்துக்கான இழப்பீடு என்று பார்த்தால் எட்டாயிரத்துச் சொச்சம், ஏழு வாரக் கூலிகூட இல்லை. நடுவர் விசாரணைவரை போயிருந்தால் கூடவே கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. அவருக்கு வருத்தம் வேறு. பெரியவர் அன்று ராத்திரி போன் பண்ணினாராம். திட்டவில்லை. “ஏன் தங்கச்சி என்கிட்ட வந்து சொல்லல?” என்று மட்டும் கேட்டாராம்.

கடையில் மீதி நான்கு பேர்

தொழிலாளர் துறையிலும் டிசம்பரிலேயே ஒரு புகார் கொடுத்திருந்தோம். ஆய்வாளர் பிப்ரவரி கடைசியில்தான் வந்தார். முன்னறிவிப்பில்லாமல் வந்து பதிவேடு கேட்டிருக்கிறார், பதிவேடே இல்லை. மார்ச்சில் மீதி நான்கு பேருக்கும் எழுத்தில் வேலை விவரம் கிடைத்தது. இரண்டு ஜூலுப் பெண்கள் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தங்கள் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். நான்காமவர் மலாவிக்காரப் பையன், மூட்டை தூக்குபவன். வேலை அனுமதிச் சீட்டு இல்லாததால் எந்தப் பாதுகாப்பும் தனக்கு இல்லை என்று நினைத்து அன்று முழுக்க மறைந்திருந்தான். அனுமதி இல்லாத வெளிநாட்டவரும் தொழிலுறவுச் சட்டத்தின் கீழ் ஊழியர்தான் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு அவனைக் குடிவரவுத் துறையிடமிருந்து காப்பாற்றாது. அவன் மறைந்ததில் தப்பு சொல்ல மாட்டேன்.

யூஐ-19

யூஐஎஃப் அலுவலகத்தில் அக்காவின் அடையாள எண்ணைப் போட்டால் தையல் ஆலையோடு பதிவு நின்றுபோயிருந்தது. ஊழியர் 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம். அவர் கூலிக்கு மாதம் ஆளுக்கு 48 ராண்ட்கூட வராது. நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சேர்ந்து, நான்கு வருடம் முழுதாகச் செலுத்தியிருந்தால் 365 நாள்வரை உதவி கிடைக்கும். இந்தச் சில்லறையைத்தான் ஒன்பதே முக்கால் வருடம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

படிவம் பிப்ரவரி 9 அன்று வந்தது. தேதி சரி, கூலி சரி. வேலை முடிந்த காரணத்துக்கான கட்டத்தில் ராஜினாமாவுக்கு உரிய எண்ணைப் போட்டிருந்தார். தானாக விலகியவர்களுக்கு வேலையில்லா உதவி கிடையாது. தெரிந்து செய்தாரா, தெரியாமலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அக்கா தெரியாமல்தான் என்கிறார். சமரச ஒப்பந்த நகலோடு திருப்பி அனுப்பினோம். பதினோரு நாள் கழித்துத் திருத்தம் வந்தது. அதே உறையில் வேலைச் சான்றிதழும் இருந்தது, 2016 பிப்ரவரி முதல் 2025 நவம்பர் வரை என்று, அக்காவின் பேரில் ஒரு எழுத்து குறைவாக. அதற்கு இன்னொரு கடிதம்.

யூஐஎஃப் பணம் ஏப்ரலில் வரத் தொடங்கியது. நான்காவது தவணை எட்டு நாள் தாமதமாக வந்தது. அந்த எட்டு நாளும் அக்கா எனக்குத் தினமும் காலையில் ஒரு குட் மார்னிங் படம் அனுப்பினார், ரோஜாப்பூவோடு. வேறு எதுவும் எழுதவில்லை.